விடியற்காலச் சூரிய கிரகணமும் காலக்கணிப்பும்: கி.மு. 899 ‘இரட்டை விடியல்’ குறிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பண்டைச் சீனத்தின் சௌ அரசமரபைச் சேர்ந்த யீ மன்னரின் முதலாம் ஆட்சியாண்டில், செங் என்னும் ஊரில் பொழுது இருமுறை விடிந்ததாக ஒரு குறிப்பு உள்ளது. இது சூரியன் உதிக்கும் வேளையில் நிகழ்ந்த கிரகணத்தைச் சுட்டுவதாகக் கொண்டு, அந்த ஆண்டு கி.மு. 899 என நிறுவப்பட்டது. இம்முடிவைச் சோதிக்கும் நோக்கில் 1997 மார்ச் 9 அன்று வட சின்ஜியாங்கில், உதயத்தை ஒட்டிய பகுதிக் கிரகணம் ஒன்று திட்டமிட்டு உற்றுநோக்கப்பட்டது. அந்த உற்றுநோக்கல் எதை மெய்ப்பித்தது, எதை மெய்ப்பிக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘நிகழ இயலும்’ என்பதற்கும் ‘நிகழ்ந்தது’ என்பதற்கும் உள்ள இடைவெளியை வானியல் கணக்கு தானாக நிரப்பிவிடாது என்பதும், இந்த எச்சரிக்கை தமிழிலக்கியக் காலக்கணிப்புக்கும் பொருந்தும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: சூரிய கிரகணம், கிரஸ்தோதயம், இரட்டை விடியல், மூங்கில் ஆண்டேடு, சௌ அரசமரபு, காலக்கணிப்பு, பரிபாடல்.

1. முன்னுரை

கிரகணம் பிடித்த நிலையிலேயே சூரியனோ சந்திரனோ உதிப்பதைப் பஞ்சாங்க மரபு ‘கிரஸ்தோதயம்’ எனக் குறிக்கும். இத்தகைய கிரகணத்தின் தொடக்கத்தை உதயத்துக்காகக் காத்திருப்பவர் காண்பதில்லை. நிலவின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் கணம் தொடுவானத்துக்குக் கீழேயே கழிந்துவிடுகிறது. கீழ்த்திசையில் மேலெழும்போதே சூரியன் குறைபட்டு எழுகிறது. நண்பகல் கிரகணத்தில் முழு ஒளி படிப்படியாகக் குறைவதை ஒப்பிட்டு உணரலாம். விடியலில் அந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை. ஏறிக்கொண்டிருக்கும் ஒளியும் மறைக்கப்படும் ஒளியும் ஒரே வானில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இதனாலேயே விடியற்காலக் கிரகணம் வரலாற்றாய்வாளருக்கு ஒருசேரப் பயனும் சிக்கலும் தருவதாகிறது. உதயம் என்பது ஓர் இடத்துக்குரிய குறிப்பிட்ட பொழுது. ஆகவே ‘உதயத்தில் கிரகணம்’ என்ற செய்தி கடிகாரம் இல்லாத காலத்திலும் நேரத்தைத் துல்லியமாகத் தருகிறது. அதேவேளையில், அவ்வேளையில் ஏற்படும் ஒளி மாற்றம் கிரகணத்தால் விளைந்ததா, மேகத்தாலோ புழுதியாலோ விளைந்ததா என்பதைப் பழங்குறிப்பு ஒன்றிலிருந்து பிரித்தறிவது கடினம். இவ்விரு தன்மைகளும் ஒருங்கே வெளிப்படும் சான்றாகச் சீனத்து ‘இரட்டை விடியல்’ குறிப்பைக் கொள்ளலாம்.

2. குறிப்பும் அது கைமாறி வந்த வழியும்

சீன வரலாற்றில் ஐயமின்றி உறுதிசெய்யப்பட்ட மிகப் பழைய ஆண்டு கி.மு. 841 ஆகும். சிமா சியென் தம் வரலாற்று நூலில் அமைத்த ஆண்டு அட்டவணை அவ்வாண்டிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட மன்னர்களின் பெயர்வரிசை கிடைத்தாலும் ஆட்சியாண்டுகள் உறுதியாகக் கிடைப்பதில்லை. சௌ மரபின் ஏழாம் மன்னராகிய யீ இந்த எல்லைக்கு முற்பட்டவர். 2003-இல் ஷான்சி மாநிலத்தின் மெய் மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட வெண்கலக் கலங்களுள் ஒன்று சௌ மன்னர்களின் வரிசையைப் பொறித்துள்ளது. அதில் இவர் பெயரும் இடம்பெறுகிறது. எனவே அவர் வாழ்ந்தவர் என்பதில் ஐயமில்லை. அவர் எப்போது அரியணை ஏறினார் என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடையாக முன்வைக்கப்படும் குறிப்பு ‘மூங்கில் ஆண்டேடு’ எனப்படும் நூலைச் சார்ந்தது. வெய் நாட்டு அரச கல்லறை ஒன்று கி.பி. 280-ஐ ஒட்டிக் கொள்ளையிடப்பட்டபோது, அதனுள் மூங்கில் சிம்புகளில் எழுதப்பட்ட ஏடுகள் கிடைத்தன. அவை சிதைந்தும் வரிசை குலைந்தும் இருந்தன. ஜின் அரசவை அறிஞர்கள் அவற்றை ஒழுங்குபடுத்தி, அக்கால எழுத்துக்கு மாற்றினர். அந்தப் படியும் பின்னர் வழக்கொழிந்தது. இன்று நம்மிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, பிற்காலத்தில் தொகுக்கப்பட்டதாகப் பலரும் ஐயுறும் ‘இன்றைய பாடம்’. மற்றொன்று, பிற நூல்களில் காணும் மேற்கோள்களைத் திரட்டி அமைத்த ‘பழைய பாடம்’.

இரட்டை விடியல் குறிப்பு பழைய மேற்கோள்கள் வழியாகவும் கிடைப்பது அதன் நம்பகத்தன்மைக்கு வலுச் சேர்க்கிறது. அவ்வாறு அதனை எடுத்தாளும் நூல்களுள் ஒன்று, 8-ஆம் நூற்றாண்டில் தாங் அரசவையில் தொகுக்கப்பட்ட ‘காய்யுவான் சான்ஜிங்’ என்னும் வானியல், நிமித்தத் தொகுப்பு. இதன் ஆசிரியர் கௌதம சித்தா இந்திய வழியினர். நவக்கிரகக் கணிதத்தைச் சீன மொழிக்குக் கொண்டுசென்றவரும் அவரே.

எனினும் இக்குறிப்பு நிகழ்வைக் கண்டவர் எழுதியதன்று. மூங்கில் ஆண்டேடு தொகுக்கப்பட்ட காலத்துக்கும் யீ மன்னரின் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள் உள்ளன. அன்றியும் அக்குறிப்பில் கிரகணம் என்ற சொல்லே இல்லை. சூரியனைப் பற்றிய பேச்சும் இல்லை. ஆண்டு, ஊர், பொழுது இருமுறை விடிந்தது என்னும் செய்தி ஆகிய மூன்று மட்டுமே உள்ளன. கிரகணம் என்பது நாம் கொள்ளும் பொருளே ஆகும்.

3. பொழுது இருமுறை விடிவது எவ்வாறு?

இப்பொருள்கோள் ஏற்கத்தக்கதா என்பதை அறிய, விடியலில் ஒளி பெருகும் விதத்தை முதலில் நோக்க வேண்டும். சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போது திறந்த வெளியில் ஏறத்தாழ 3 முதல் 4 லக்ஸ் ஒளி இருக்கும். உதயத்தின்போது அது சில நூறு லக்ஸ் ஆகும். ஷான்சியின் அகலக்கோட்டில், ஏப்ரல் மாதத்தில், இந்த நூறு மடங்குப் பெருக்கம் ஏறத்தாழ 25 நிமிடங்களில் நிகழ்ந்துவிடுகிறது. உதயத்துக்குப் பின் ஒளி பெருகும் வேகம் தணிகிறது.

கிரகணமோ இதற்கு மாறாக இயங்குகிறது. நிலவு சூரியனை மறைக்கத் தொடங்கி உச்சத்தை எட்ட ஒரு மணி நேரம் அளவில் ஆகும். ஒளியிழப்பை மனிதக் கண் உணரத்தக்க அளவு, உச்சத்தை ஒட்டிய கால்மணி நேரத்திலேயே மிகுதியாக ஏற்படுகிறது. உதயத்துக்கு நெடுநேரம் முன்பே உச்சம் வருமாயின், விடியலின் விரைந்த ஒளிப்பெருக்கத்தில் கிரகணத்தின் குறைப்பு கரைந்துவிடும். உதயத்துக்கு நெடுநேரம் பின்பு வருமாயின் அது பகலில் மங்கிய வெயிலாகத் தோன்றுமேயன்றி விடியலாகத் தோன்றாது. உதயத்தை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில் உச்சம் அமைந்தால் மட்டுமே ஒளி ஏறி, தயங்கி, மங்கி, மீண்டும் ஏறும். இரண்டாம் ஏற்றத்தில் உதயமும் கிரகண விடுபாடும் ஒருங்கு சேர்வதால் வெளிச்சம் விரைந்து பரவும். அதனை இரண்டாம் விடியல் எனக் கொள்வது இயல்பே.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, இந்நிகழ்வைக் காணத்தக்க நிலப்பகுதி ஒரு குறுகிய பட்டையாகவே அமையும். மற்றொன்று, மறைப்பின் அளவு மிக அதிகமாக இருத்தல் வேண்டும். பாதி மறைந்த சூரியன் இதற்குப் போதாது.

4. கி.மு. 899 என்னும் கணக்கு

இக்குறிப்பைக் கி.மு. 899 ஏப்ரல் 21 கிரகணத்துடன் பொருத்தும் கருத்தை 1975-இல் ஃபாங் ஷான்சு முன்வைத்தார். 1988-இல் கெவின் பாங்கும் அவருடைய குழுவினரும் அதனைக் கணிப்பொறி வழியே விரிவாக ஆராய்ந்தனர். வானியலாளர் சுழிய ஆண்டையும் எண்ணுவதால் அவர்களுடைய அட்டவணைகளில் இவ்வாண்டு −898 எனக் காணப்படும்.

இத்தகைய பழங்காலக் கிரகணத்தைக் கணிப்பதில் அடிப்படையான இடர் ஒன்று உண்டு. நிலவின் ஓத விசையால் பூமியின் சுழற்சி மெல்லத் தளர்கிறது. நூற்றாண்டுக்கு ஒருமுறை நாளின் நீளம் ஏறத்தாழ 1.7 முதல் 1.8 மில்லிவினாடி வரை கூடுகிறது. இச்சிறு வேறுபாடு நாள்தோறும் திரண்டு, 2900 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 6 மணி நேர அளவை எட்டிவிடுகிறது. கிரகணம் நிகழ்ந்த நாள் இதனால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் பூமியின் எந்தப் பகுதியில் அது தெரிந்தது என்பது மாறிவிடும். ஒரு மணி நேரப் பிழை கிரகணப் பாதையை 15 பாகை கிழக்கிலோ மேற்கிலோ தள்ளிவிடும். உதயத்தில் தெரிந்ததா, உதயத்துக்கு முன்பே முடிந்துவிட்டதா என்பது இத்திருத்தத்தைப் பொறுத்தே அமையும்.

இங்குதான் தருக்கத்தில் ஒரு சுழல் தோன்றும் வாய்ப்பு உள்ளது. பாங் குழுவினரின் நோக்கம், இக்குறிப்பைக் கொண்டு பூமியின் பழைய சுழற்சி வேகத்தைக் கண்டறிவது. காலக்கணிப்பாளரின் நோக்கமோ, சுழற்சி வேகத்தைக் கொண்டு இக்குறிப்பின் ஆண்டைக் கண்டறிவது. இரண்டும் தனித்தனியே முறையான நோக்கங்களே. ஆனால் ஒன்றன் முடிவை மற்றொன்றின் சான்றாகக் காட்டலாகாது. நாளது கிரகணக் குறிப்பால் சுழற்சியை அளந்து, அச்சுழற்சியால் அதே கிரகணத்தை உறுதிசெய்தால், நாம் எடுத்த இடத்துக்கே திரும்பி வந்தவராவோம்.

இச்சுழலைத் தவிர்க்கத் தனியான சான்று தேவை. பாபிலோனியக் களிமண் பலகைகளில் உள்ள கிரகணப் பதிவுகள் அத்தகையவை. அவை ஏறத்தாழ கி.மு. 720 வரை பின்னோக்கிச் செல்கின்றன. அதற்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு, அறிந்த போக்கைப் பின்னோக்கி நீட்டித்தே கணிக்க வேண்டியுள்ளது. கி.மு. 899 அந்த நீட்டிப்புப் பகுதிக்குள் அமைகிறது.

ஊரின் அடையாளமும் முழுமையாகத் தெளிவுபடவில்லை. செங் என்பது ஷான்சியின் கிழக்கேயுள்ள ஹுவா மாவட்டமா, மேற்கேயுள்ள ஃபெங்சியாங்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே 200 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவு உள்ளது. சூரியன் இரண்டிலும் உதிக்கும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம் வேறுபடும். சில நிமிடங்களே நீடிக்கும் ஒரு நிகழ்வுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

5. 1997 மார்ச் 9: வட சின்ஜியாங் உற்றுநோக்கல்

சீன அரசின் ஆதரவுடன் 1996-இல் ‘சியா-ஷாங்-சௌ காலவரிசைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. வரலாறு, தொல்லியல், கதிரியக்கக் கரிமக் கணிப்பு, வானியல் ஆகிய துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 200 அறிஞர்கள் இதில் ஈடுபட்டனர். வரலாற்றுக்கு லி சுயெசின், தொல்லியலுக்கு லி போசியன், கரிமக் கணிப்புக்கு சியு ஷிஹுவா, வானியலுக்கு சீ சேசோங் ஆகியோர் தலைமை ஏற்றனர். கி.மு. 841-க்கு முற்பட்ட ஆட்சியாண்டுகளை நிறுவுவதே இத்திட்டத்தின் இலக்கு. அவ்வகையில் யீ மன்னரின் முதலாம் ஆண்டு ஒரு திறவுகோலாகக் கருதப்பட்டது.

இத்திட்டத்தின் வானியலாளர்களுக்கு அரிய வாய்ப்பு ஒன்று அமைந்தது. 1997 மார்ச் 9 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை மங்கோலியா, சைபீரியா வழியாகவும் சீனத்தின் வடகோடியான மோஹே வழியாகவும் சென்றது. வட சின்ஜியாங்கிலோ அது பகுதிக் கிரகணமாக, உதயத்தை ஒட்டி நிகழ்ந்தது. செங் நகரின் விடியலைப் பற்றி எழுந்த வினாவை உயிருள்ள மனிதரிடமே கேட்கக்கூடிய சூழல் இது. லியு சியுவான் முதலியோர் அப்பகுதியின் பல இடங்களில் பார்வையாளரை நிறுத்தினர். சூரியனைக் கருவிகொண்டு அளப்பது மட்டும் அவர்களுடைய வேலையன்று. விடிந்துகொண்டிருக்கும் வானின் வெளிச்சம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்ணால் கண்டு எழுதித் தர வேண்டியிருந்தது.

வந்த அறிக்கைகள், தக்க இடங்களில் இருந்தோருக்கு இரட்டை விடியல் உணர்வு உண்மையிலேயே ஏற்பட்டதைத் தெரிவித்தன. வானம் வெளுத்தது, மீண்டும் மங்கியது, பின்னர் மறுபடியும் வெளுத்தது. இவ்வறிக்கைகளோடு வான் ஒளிர்வு பற்றிய கணக்கீடும் சேர்த்து ஆராயப்பட்டது. அந்த அடிப்படையில், குறிப்பு கூறும் நிகழ்வு கி.மு. 899 ஏப்ரல் 21 கிரகணமே எனத் திட்டம் முடிவு செய்தது. 2000-இல் வெளியான அறிக்கையில் யீ மன்னரின் முதலாம் ஆண்டு கி.மு. 899 என்றும், சௌ மரபினர் ஷாங் மரபை வென்ற ஆண்டு கி.மு. 1046 என்றும் இடம்பெற்றன.

6. மறுப்புகளும் மதிப்பீடும்

திட்டத்தின் இவ்வுற்றுநோக்கலுக்கு முன்பே, 1992-இல், பழங்காலக் கிரகண ஆய்வில் முன்னோடியான எஃப். ரிச்சர்ட் ஸ்டீவன்சன் இக்குறிப்பை மறுஆய்வு செய்து ஐயம் எழுப்பியிருந்தார். 2002-இல் டக்ளஸ் கீனன், பண்டைச் சீனத்தின் வானியல்வழிக் காலக்கணிப்புகள் அடித்தளமற்றவை என வாதிட்டார். இம்மறுப்புகளின் வலிமையை மூன்று கூறுகளாக நோக்கலாம்.

முதலாவது, ஒளியின் அளவு. கி.மு. 899 கிரகணம் முழுக் கிரகணமன்று, கங்கணக் கிரகணம். நிலவு சூரிய வட்டத்தின் நடுவே அமைந்தபோதும் விளிம்பில் ஒரு வளையம் எஞ்சியிருக்கும். நிலவின் தோற்ற விட்டம் சூரியனுடையதில் 95 விழுக்காடு எனக் கொண்டால், பரப்பளவில் ஏறத்தாழ 10 விழுக்காடு மறையாமல் நிற்கும். ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது இதன் பொருள். அடர்ந்த மேகமூட்டமும் இதே அளவு குறைக்க வல்லது. உதயத்துக்கு முன் பத்து மடங்கு ஒளிப்பெருக்கம் ஏறத்தாழ 12 நிமிடத்தில் நிகழ்ந்துவிடுவதையும் கருதினால், இவ்விரண்டு விசைகளும் கிட்டத்தட்டச் சமநிலையில் நின்றிருக்கும். மக்கள் வியந்து நினைவில் வைக்கும் அளவுக்கு இருள் சூழ்ந்திருக்குமா என்பது உறுதியன்று.

இரண்டாவது, பார்வையாளரின் முன்னறிவு. 1997-இல் வட சின்ஜியாங்கில் காத்திருந்தோர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அறிந்திருந்தனர். எதிர்பார்ப்போடு நோக்கும் கண் சிறு மங்கலையும் தவறவிடாது. செங் நகர மக்களுக்கு அந்த முன்னறிவு இருந்ததாகக் கொள்ள இயலாது. கதவைத் திறந்து வேலைக்குப் புறப்பட்ட உழவரோ காவலரோ அதனை மேகம் என்று எண்ணியிருக்கக்கூடும்.

மூன்றாவது, சான்றின் தனிமை. கரிமக் கணிப்பும் வெண்கலப் பொறிப்புகளில் உள்ள நாட்குறிப்புகளும் இக்காலவரிசையில் துணைநின்றன என்பது உண்மையே. ஆயினும் அந்நாட்குறிப்புகளில் பலவற்றில் மன்னரின் பெயர் இல்லை. எந்தப் பொறிப்பு எந்த மன்னருக்கு உரியது என்று ஒதுக்குவதற்கே ஒரு காலவரிசை முன்கூட்டித் தேவைப்படுகிறது. ஆகவே அவை தரும் துணையும் முழுமையாகத் தற்சார்புடையதன்று.

இவ்வளவும் கூறுவதால் 1997 உற்றுநோக்கல் பயனற்றது எனக் கொள்வது பிழையாகும். உதயத்தில் நிகழும் பெரும்பகுதிக் கிரகணம் இரட்டை விடியல் உணர்வைத் தரும் என்பது அதுவரை கருத்தளவில் இருந்தது. அது கண்ணால் கண்ட செய்தியாக மாறியது. பழங்குறிப்பு ஒன்றைக் கற்பனை என்று தள்ளிவிடாமல், அது கூறும் சூழலிலேயே நின்று சோதித்துப் பார்த்தது முறையியல் நோக்கில் பாராட்டத்தக்கது. அச்சோதனை அளித்த விடை ‘இவ்வாறு நிகழ இயலும்’ என்பது. ‘செங் நகரில் இவ்வாறே நிகழ்ந்தது’ என்பது அதனினும் பெரிய கூற்று. அதனைத் தாங்கும் வலிமை ஒரு சிறு குறிப்புக்கு இல்லை.

7. தமிழ்க் காலக்கணிப்புக்கு உரிய பாடம்

தமிழாய்வு உலகம் இச்சிக்கலுக்குப் புதிதன்று. பரிபாடலின் 11-ஆம் பாடலில் நல்லந்துவனார் கோள்கள் நின்ற இராசிகளையும் சந்திர கிரகணத்தையும் கூறுகிறார். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அதனைக் கணித்து, கி.பி. 634 ஜூன் 17 என நாள் குறித்தார். சிலப்பதிகார நிகழ்வுகளை அவர் கி.பி. 756-இல் வைத்ததும் இத்தகைய கணக்கின் வழியேதான். கணிதத்தில் அவர் பெற்றிருந்த தேர்ச்சி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் அவ்விரு முடிவுகளும் பொது ஏற்பைப் பெறவில்லை. கணக்கிடத் தொடங்குமுன் பாடலின் சொற்களுக்கு எப்பொருள் கொள்வது, புலவர் கண்ட வானைப் பாடினாரா, வெள்ளத்துக்கு ஏற்ற நன்னிமித்தமாக ஒரு வானை அமைத்தாரா என்னும் வினாக்களே அங்குத் தடையாயின. உரை விளக்கத்தில் தொடங்கும் பிழையைக் கணக்கின் நுட்பம் திருத்துவதில்லை. அப்பிழைக்கும் அது ஒரு துல்லியமான தேதியைத் தந்துவிடுகிறது.

கல்வெட்டுகளின் நிலை இதனின் வேறு. ஆட்சியாண்டு, மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றை ஒருங்கே தரும் சோழர் கல்வெட்டுகளைக் கீல்ஹார்ன் முதலியோர் கணித்துத் தந்த நாள்கள், பிற சான்றுகளோடும் பொருந்தி, ஆட்சிக் காலங்களை நிறுவப் பயன்பட்டன. அங்கு ஒரு கூறு பிழைத்தாலும் மற்றவை அதனைக் காட்டிக்கொடுக்கும். கிரகணம் கூறப்படும் இடங்களிலும் அது பல சான்றுகளுள் ஒன்றாகவே நிற்கிறது. இரட்டை விடியல் குறிப்பில் அத்தகைய குறுக்குச் சோதனைக்கு இடமில்லை. மாதமும் நாளும்கூட அதில் இல்லை. பரிபாடல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளது. அது பல கூறுகளைத் தருகிறது. ஆனால் ஆவணமாகப் பேசவில்லை, பாடலாகப் பேசுகிறது.

இவ்வொப்பீட்டிலிருந்து மூன்று நெறிகளை வகுக்கலாம். வானியல் கணக்கைத் தொடங்குமுன் குறிப்பின் பாட வரலாறும் இலக்கிய வகையும் ஆராயப்பட வேண்டும். குறிப்பைக் கொண்டு பெற்ற அளவையே அக்குறிப்பின் சான்றாக மீண்டும் பயன்படுத்தலாகாது. ஒற்றைக் குறிப்பால் பெறும் ஆண்டைக் கருதுகோளாகவே வைத்து, தற்சார்புடைய வேறு சான்று கிடைக்கும்வரை அதன்மேல் பிற ஆண்டுகளை அடுக்காமல் இருத்தல் வேண்டும்.

8. முடிவுரை

யீ மன்னரின் முதலாம் ஆண்டு கி.மு. 899 என்பது இன்று கிடைக்கும் கருத்துகளுள் ஏற்புடைய ஒன்றே. அது தவறு என்று இக்கட்டுரை கூறவில்லை. ஆனால் ‘ஏற்புடையது’ என்னும் நிலையிலிருந்து ‘நிறுவப்பட்டது’ என்னும் நிலைக்கு அது செல்லும் வழியில் பாடத்தின் சிதைவு, ஊரின் ஐயம், பூமியின் சுழற்சி, கங்கணத்தில் எஞ்சிய ஒளி என நான்கு தடைகள் நிற்கின்றன. 1997-இன் விடியல் இவற்றுள் எதனையும் முழுமையாக நீக்கவில்லை. அது சேர்த்தது வேறொன்று. பழையோர் எழுதிவைத்த வியப்பு மனித அனுபவத்துக்கு உட்பட்டதே என்பதை அது காட்டியது. பாட ஆய்வும் வான்கணக்கும் தத்தம் எல்லையை அறிந்து ஒன்றையொன்று சோதிக்கும்போதே அந்த வியப்பு வரலாற்றுச் சான்றாகும். சீனக் காலவரிசைக்கும் சங்க இலக்கியக் காலவரிசைக்கும் இது பொது.